ஐந்து மில்லிமீட்டர்

நாரினில் இன்று மைனஸ் இருபத்தேழு.
இயந்திரம் சூடேறவே நாற்பது நிமிடம்.
அதற்குள் சைராகுல்
மருந்து கலந்த ஒரு லிட்டர் தண்ணீரை
மடக்கு மடக்காகக் குடித்து முடித்திருந்தாள்.
அத்பாஷி தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள்.
வயிறு மட்டும் நிறைமாதம்,
கையும் கழுத்தும் பஞ்சகாலம்.

"மூச்சை இழுங்கள். பிடியுங்கள்."
என் குரல் அல்ல. பெட்டிக்குள் எப்போதோ பதிவான
யாரோ ஒரு ரஷ்யப் பெண்ணின் குரல்.
பன்னிரண்டு நொடி.
பிறகு இருவருக்கும் விடுதலை.

ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு.
மேலிருந்து இறங்குகிறேன்.
கல்லீரலைச் சுற்றிச் சாம்பல் ஏரி.
மண்ணீரல் பக்கம் அதன் மறுகரை.
குடல் சுருள்கள் கட்டவிழ்ந்த படகுகளாக இல்லை,
நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

நல்ல உடம்பில் அந்த உறை தெரியாது.
வயிற்றுச் சுவரை உள்ளிருந்து மூடி,
குடலை மடிப்பு மடிப்பாய்ப் போர்த்தி,
அத்தனையும் செய்துவிட்டுப்
படத்தில் ஒரு கோடுகூடக் கேட்காது.
தெரிந்தால் நோய்.
தெரிந்தது.

பிஷ்கெக்கில் அல்ட்ராசவுண்ட் பார்த்தவர்கள்
ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார்கள்:
சினைப்பைப் புற்று, மூன்றாம் நிலை, எங்கும் பரவல்.
ரத்தத்தில் ஓர் எண்ணும் ஏறி
ஆமாம் ஆமாம் என்றது.
நீர் கோத்த எந்த வயிற்றுக்கும்
ஆமாம் போடுகிற எண் அது.

கதவருகே அண்ணன் முகாஷ்.
சந்தையில் ஆடறுப்பவர்.
உள்ளே வரக் கூடாது. வந்துவிட்டார்,
ரோமத் தொப்பியைக் கையில் கசக்கியபடி.
திரையைப் பார்த்து,
"இது சர்பி அல்லவா" என்றார்.

குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை.
ஈரலை அதில் சுற்றிச் சுட்டு
விருந்தாளிக்கு முதல் துண்டு வைப்பார்கள்.
"நல்ல ஆட்டில் தூக்கிப் பிடித்தால்
அந்தப் பக்கத்து ஜன்னல் தெரியும்.
இது அழுக்காயிருக்கிறதே."

பாடநூல்கள் இதைக் கேக் என்கின்றன.
கேக் தின்று வளர்ந்தவர்கள் எழுதியது.

"கட்டியா, கசங்கலா?"
நான்தான் கேட்டேன், அவரிடம்.
நெடுநேரம் பார்த்தார்.
"கட்டி என்றால் விரலுக்கு நெருடும்.
இதைத் தொட முடியவில்லையே, டாக்டர்."

ஆம். அதுதான் என் தொழில்,
தொட முடியாதது.

உறையின் தடிப்பு முண்டும் முடிச்சுமாய் இல்லை,
பால் மேல் ஆடைபோல் ஒரே சீர்.
நீர், வெறும் நீரைவிடச் சற்றுக் கனம்.
நிணநீர்க் கணுக்கள் ஏழு:
விளிம்பில் வெளிச்சம், நடுவில் இருட்டு.
நுரையீரல் சுத்தம். அது எதையும் நிரூபிக்காது.

மூன்று வருடம் முன்பு ஜுமாலிக்கும் இதே ஆடை.
காசநோய் என்று எழுதினேன்,
ஒரே சொல், முற்றுப்புள்ளி.
புற்று.
நான்கு மாதம் தவறான மாத்திரை.
அவன் மனைவி இன்றும் சந்தையில் என்னைக் கண்டால்
குழந்தைகள் நலமா என்று விசாரிக்கிறாள்.

இரண்டு துண்டுகள் ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர்.
அந்தத் தடிமனுக்குள் கருப்பும் வெளுப்பும் கிடந்தால்
கணினி சராசரி போட்டுச் சாம்பல் காட்டும்.
பொய்யல்ல. ஆனால் உண்மையும்
அந்த நிறத்தில் இருந்ததில்லை.

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்:
காசநோயாக இருக்கலாம்.
துளையிட்டுச் சதை எடுத்துப் பார்க்கும்வரை
எதையும் அறுத்தெடுக்க வேண்டாம்.

இருக்கலாம்.
ஒன்பது வருடப் படிப்பின் மொத்த விளைச்சல்.
சைராகுல் அதைப் படித்தாள்,
உறை பிரிந்த கடிதத்தைப் படிப்பதுபோல்,
முகவரி சரியா என்று முதலில் பார்த்து.

மார்ச்சில் போன் வந்தது. பின்னால் சந்தை இரைச்சல்.
பயாப்ஸியைப் பற்றி முகாஷ் ஒன்றும் சொல்லவில்லை.
"ஆறு மாதம் மாத்திரையாம்.
பசிக்கிறது என்கிறாள்.
சர்பி சாப்பிடலாமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
போனை வைத்த பிறகுதான்
யாரைக் கேட்பது என்று யோசித்தேன்.