உர்சுலா மூன்று

மார்ச் மாதத்து என் மிகைநேரக் கூலி,
முப்பத்தொரு மணி நேரம்,
போலந்துக்காரியின் கணக்கில் போய் விழுந்தது.
அவள் அதில் தம்பிக்குப் பல் கட்டிவிட்டாள்.
எப்படித் திருப்பிக் கேட்பது?
வீடியோவில் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான் பையன்.

அதன் பிறகுதான் மேலாளர் காஃப்லிஷ்
எங்கள் அங்கிகளில் எண் தைக்கச் சொன்னார்.

ஸ்விட்சர்லாந்தின் கிழக்கு மூலை.
ஹோட்டலுக்கு அடியில் நிலவறை.
பன்னிரண்டு சலவை இயந்திரங்கள்,
நான்கு உர்சுலாக்கள்.

ஒன்று, ஊர்சினா.
இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவள்.
பெயரிலேயே ஊர் இருப்பது அவளுக்குத்தான்,
வேலை முடிந்து நடந்தே வீட்டுக்குப் போகிறவளும்
அவள் ஒருத்திதான்.

இரண்டு, உர்ஷுலா. பல் கட்டிய தம்பி.
அவள் அம்மா தொலைபேசியில் ஊலா என்பாள்;
இயந்திரங்கள் சுழலும் இரைச்சலில்
அது யாரோ அழுவது போலக் கேட்கும்.

மூன்று நான். ஓர்ஷோயா. செகெட் நகரம்.
நடுவில் ஓர் எழுத்து உண்டு,
எழுதுவோம், உச்சரிக்க மாட்டோம்.
கணக்கர் அதை ஒரு தரம் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
உர்சுலா என்று போட்டுவிட்டார்.

நான்கு, ஓர்சோலா. கணவாய்க்கு அப்பால் இத்தாலி.
ஐந்தேகால் பேருந்து.
எல்லையில் அவள் பெயரை யாரும் கேட்பதில்லை,
பையில் எத்தனை கிலோ இறைச்சி என்றுதான் கேட்பார்கள்.

போன அக்டோபரில், பெயர்நாளுக்கு,
நால்வருக்கும் சேர்த்து ஒரே கேக்.
எந்த எழுத்துக்கூட்டலில் எழுத என்றாள் பேக்கரிக்காரி.
வெறுமனே விடச் சொன்னோம்.

லத்தீனில் குட்டிப் பெண்கரடி என்று அர்த்தமாம்.
படுக்கை விரிப்பின் இரு முனைகளைப் பிடித்தபடி
ஊர்சினாதான் சொன்னாள்.
மறு முனைகளில் நான்.
நெருங்கி, மடித்து, விலகி, மறுபடி நெருங்கி.
கரடி பார்க்கிற வேலையா இது என்றேன்.
எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தோல் இருந்தது என்றாள்,
பூச்சி அரித்ததும் எறிந்துவிட்டோம்.

ஏப்ரல் பதினேழு, இரவு ஷிஃப்ட்.
பஞ்சுத் தூசி மூட்டையைக் கொட்டப்
பின்கதவைத் திறந்தேன்.
குப்பைத் தொட்டியின் இரும்பு மூடி
அப்பளம் போல வளைந்து கிடந்தது.
பக்கத்தில் அது.
முகமெல்லாம் தயிர்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தது,
பார்த்துவிட்டு மறுபடி தின்றது,
கூட வேலை செய்கிறவளைப் பார்ப்பது போல.

ஓடினேன்.
காவலாளி ரெட்டோ காப்பியிலிருந்து தலை தூக்காமல்
கரடி விடாதே என்றார்.
நான் எங்கே விட்டேன்,
அதுவாக வந்தது.

விடிந்ததும் வனத்துறை ஜீப்.
மயக்க ஊசி, கழுத்துப் பட்டை.
பெட்டை, மூன்று வயது,
கணவாய் தாண்டி ஓர்சோலாவின் பக்கமிருந்து வந்தது.
எண் நாற்பது.

பெயர் என்ன என்று கேட்டது
விருந்தாளி ஒருவரின் குழந்தை.
பெயர் வைத்துவிட்டால்
சுட வேண்டி வரும்போது சிரமம், என்றார் அதிகாரி.
ஜெர்மனில், நிறுத்தி நிதானமாக,
குழந்தைக்குப் புரிகிற மாதிரி.

நிலவறை ஜன்னலில் ஆட்களின் கால்கள் மட்டும்தான் தெரியும்.
நாங்கள் நால்வரும் முண்டியடித்து நின்றோம்.
தார்ப்பாயின் நான்கு முனைகளில்
நான்கு ஜோடி பூட்ஸ்,
விரிப்பு பிடிக்கத் தெரியாதவர்கள்,
நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.
ஒரு பாதம் வெளியே தொங்கியது.
உள்ளங்கை கறுப்பு. அதில் வெடிப்பு,
சோப்புத்தூளில் ஊறிய கைக்கு வருகிற வெடிப்பு.

ஜன்னல் கம்பியில் வாயை வைத்து
ஊலா, என்றாள் உர்ஷுலா.

காது அசைந்ததாம்.
அவள்தான் சொல்கிறாள்.
கரடி விடாதே என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

மூன்றாம் எண் அங்கியைக் கழற்றி
இயந்திரத்தில் திணித்தேன்.
தொண்ணூறு டிகிரி.
நூல் சாயம் போகிறதா, பார்ப்போம்.