எச்சம்

என் வேலை அடைப்புக்குறி போடுவது.
ஒரு நாடு வேண்டாம் என்றால் ஒரு ஜோடி,
இன்னொன்று வேறு சொல் கேட்டால்
உள்ளே இன்னொரு ஜோடி.
பதினேழாம் பத்தி இப்போது
வெங்காயம் மாதிரி இருக்கிறது.
உரிக்க உரிக்க
யார் கண்ணிலும் நீர் வரவில்லை.

பான் நகரம். ஜூன். வியாழன் இரவு.
தலைவர் ஓட்வார் நாற்காலியில் ஏறி
சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம்.
முடிக்கும்வரை வியாழன்தான் என்றார்.
கைதட்டினார்கள்.
சன்னலுக்கு வெளியே ரைன் ஆற்றில்
கரி ஏற்றிய படகொன்று
வெள்ளிக்கிழமைக்குள் போய்க்கொண்டிருந்தது.

சண்டை ஒரு வினைச்சொல்லுக்கு.
குறைக்க வேண்டும் என்றது வரைவு.
குறைக்கலாம் என்றார் எண்ணெய் நாட்டுக்காரர்.
இன்னும் எல்லா வீட்டிலும் விளக்கு எரியாத
ஒரு நாட்டின் பெண் எழுந்தாள்.
இருநூறு ஆண்டு விருந்து உண்டவர்கள்
இலை எடுக்கும் நேரத்தில் வந்தவளிடம்
பந்திச் செலவில் பாதி கேட்கிறீர்கள் என்றாள்.
விருந்து உண்டவர்கள் குனிந்து
கைப்பேசியைப் பார்த்தார்கள்.

கடைசியில்
குறைப்பது குறித்துப்
பரிசீலிக்கும் வாய்ப்பை வரவேற்று,
என்று தட்டச்சு செய்தேன்.
வினைமுற்று இல்லை.
வரவேற்று, நினைவுகூர்ந்து,
ஆழ்ந்த கவலையுடன் குறிப்பிட்டு
இருபத்திரண்டு பக்கமும் எச்சம்.

மூன்றாம் வரிசையில் துவாலு.
சுலுஃபைங்கா ஒருத்திதான் முழுத் தூதுக்குழு.
பக்கத்து அறையில் நிதி, மாடியில் காடு,
இங்கே இழப்பும் சேதமும்.
மூன்றும் ஒரே நேரத்தில்.
பெரிய நாடுகள் ஆள் மாற்றிக்கொண்டு
குளித்து, சட்டை மாற்றி வந்தன.
அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி
படி ஏறினாள், இறங்கினாள்.

மாலையில் காபி வரிசையில் சொன்னாள்:
கடல் வாசல் வழியாக வருவதாகத்தானே
எல்லோரும் படம் போடுகிறீர்கள்.
எங்களுக்கு அது அடியில் வருகிறது,
புலாக்காக் கிழங்குக் குழிக்குள்.
முதலில் தட்டில் கை வைக்கும்,
பிறகுதான் கதவைத் தட்டும்.
சர்க்கரை இரண்டு போட்டுக் கலக்கினாள்,
குடிக்க நேரமில்லாமல் போய்விட்டாள்.

என் கைக்கடிகாரத்தில் மூன்று பத்து.
அவள் பெயர்ப்பலகை இருக்கிறது, நாற்காலி காலி.
பதினேழின் துணைப்பத்தி 'ஆ'
ஆறு ஆண்டாக
அடைப்புக்குறிக்குள் உயிர் பிழைத்திருந்தது.
ஆட்சேபம்? என்றார் ஓட்வார்.
இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.
சுத்தியல்.

அவர் கெட்டவர் இல்லை.
மூன்று நாளாகத் தூங்கவில்லை.
இந்தக் காகிதமும் போனால்
எதுவுமே மிஞ்சாது என்று நம்பினார்.
நான் திறக்கும் குறியை அழித்தேன்,
மூடும் குறியை அழித்தேன்,
நடுவில் இருந்ததையும்.
ஒரே விரல்.
சுத்தியலைவிட மெல்லிய சத்தம்.

நான்கு நிமிடம் கழித்து ஓடி வந்தாள்.
திரையில் 'அ'. அதன் கீழே 'இ'.
'ஆ' எங்கே? என்றாள்.
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.
பலகையை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தாள்.
முறை வந்தபோது
மொழிபெயர்ப்பாளர்களின் நேரம் முடிந்திருந்தது.
காதுக்கருவிகளில் வெறும் இரைச்சல்.
சரி என்று தன் மொழியிலேயே பேசினாள்.
எட்டு நிமிடம்.
யாரும் எழுந்து போகவில்லை,
யாருக்கும் புரியவில்லை.
நான் என்ன செய்வது,
ஒரு ஜோடி குறி போட்டு
நடுவில் இடம் விட்டேன்.

[                    ]

ஓட்வார் பேட்டரியைத் திருப்பிப் போட்டார்.
முள்ளைச் சரிசெய்ய மறந்தார்.

ஆவணம் ஆறு மொழிகளில் வந்துவிட்டது.
பதினேழாம் பத்தியின் கீழே
வெற்று அடைப்புக்குறி, அச்சுப்பிழை,
உடனே நீக்கவும் என்று
மேலிடத்திலிருந்து கடிதம்.
மேஜையில்தான் இருக்கிறது,
மேலே காபிக் கோப்பையை வைத்து
நான் இன்னும் பதில் எழுதாமல்