பதினோராம் நிமிடத்தில் சாகிறவள்

எனக்கு மொத்தம் நாற்பது டாலர்.
சாவதற்கு இருபத்தைந்து.
செத்த பிறகு எல்லாருக்கும் சாண்ட்விச் போட்டுத் தரப் பதினைந்து.

அறுபத்தாறு ஆகஸ்ட். பார்ஸ்டோவுக்கு வடக்கே
வற்றி வெடித்துக் கிடந்த ஏரிப் படுகையில்
ஒன்பது நாளில் ஒரு படம்.
முதலாளி மில்ட் காஸ்னர், அதுவரை நீச்சல்குளம் கட்டி விற்றவர்.
கதாநாயகனுக்கு பைக் ஓட்டத் தெரியாது.
வண்டியை ஒரு டிரெய்லரில் இறுக்கிக் கட்டி
அவனை மேலே உட்காரவைத்து
மின்விசிறியால் தலைமுடியைப் பறக்கவிட்டார்கள்.
இரண்டு பையன்கள் முட்புதர்க் கிளைகளை ஏந்திக்கொண்டு
அவனைத் தாண்டித் தாண்டிப் பின்னால் ஓடினார்கள்.
மணிக்கு எண்பது மைல் வேகத்தில்
நின்ற இடத்திலேயே நின்று
பல்லைக் கடித்தான் அவன்.

நிஜ ரவுடிகளும் வந்தார்கள், சான் பெர்னார்டினோவிலிருந்து.
நாள் கூலி, ஆளுக்கு ஆறு பீர்.
முப்பது பேர் கேட்டதற்குப் பதினோரு பேர்.
அதனால் என்ன?
என் வீட்டை உடைத்து நுழைந்த அதே பதினோரு பேர்
குன்றுக்குப் பின்னால் போய்
ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு
என் புருஷனின் சிநேகிதர்களாகத் திரும்பி வந்தார்கள்,
எனக்காகப் பழிவாங்க.
யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது
எடிட்டருக்கும் புழுதிக்கும்தான் வெளிச்சம்.

முதல் நாள் காலை ஒப்பனைக்கார ஓப்பல்
என் இடது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
அங்கே ஏற்கனவே ஊதா நிறம் இருந்தது.
"நல்லதாப் போச்சு, பெயின்ட் மிச்சம்" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
கதவில் இடித்துக்கொண்ட கதையை
நானும் வீணாக்காமல் வைத்துக்கொண்டேன்.

என்னைக் கொல்ல வேண்டியவன் பெயர் வெண்டல் ஸ்ட்ரூப்.
கொரியாவில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவன்.
ஒவ்வொரு டேக்குக்கு முன்னும்
"முடியைப் பிடிக்கலாமா மேடம்?" என்று கேட்டான்.
ரத்தம் என்பது சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம்.
எறும்புக்கு விருந்து.
கழுத்தில் ஏறின. பிணம் நெளியக் கூடாது.
கேமரா வேறு பக்கம் திரும்பிய நேரம்
குனிந்து ஊதி ஊதி விரட்டினான்.
அப்போது அவன் கட்டைவிரல் என் கன்னத்தை
ஒருமுறை அழுத்தித் தேய்த்தது.
நிறம் வரவில்லை.
விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"எங்கே வேலை பார்க்கிறான்?"

பிணங்கள் பேசுவதில்லை.

அடுத்த டேக்கில் அவன் கோட்டைத் தாண்டி நின்றான்.
அவன் நிழல் என் முகத்தில் முழுசாக விழுந்தது.
டைரக்டர் கத்தினார்.
நகர நேரமாயிற்று அவனுக்கு.

மார்ச் மாதம், ஃபான்டானாவில்
காரிலிருந்தே படம் பார்க்கும் டிரைவ்-இன்.
ஓட்டுநர் இருக்கையில் என் புருஷன் கில்,
நடுவில் பீர், பின்னால் போர்வைக்குள் ஜோலீன்.
பதினோராம் நிமிடத்தில் செத்தேன்,
நாற்பதடி அகலத்துக்கு.
பிறகு ஒரு மணி நேரம் எனக்காகச்
சங்கிலி, பெட்ரோல், தீ.
ஒவ்வொருவன் விழும்போதும் கார்கள் ஹாரன் அடித்தன.
எல்லாரையும்விடச் சத்தமாக அடித்தவன் கில்.
"விடாதே அவனை! பொம்பளை மேலயா கை வைக்கிறே?"

கதாநாயகன் என்னை நினைக்கும்போதெல்லாம்
அதே பிணக் காட்சியைத் திரும்பப் போட்டார்கள், பிலிம் மிச்சம்.
மூன்றாம் முறை வந்தபோது,
தூங்குகிறாள் என்று நான் நினைத்த ஜோலீன்
இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி,
"அம்மா சாகலை. வயிறு ஏறி இறங்குது பாரு" என்றாள்.
"சும்மா இரு" என்றான் கில், திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

பார்த்தேன்.
ஏறித்தான் இறங்கியது.

பாப்கார்ன் வாங்கி வருகிறோம் என்று சொல்லி
பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டேன்.
கைப்பையில், ரொட்டி வந்த காகித உறைக்குள்
இன்னும் முப்பத்தொரு டாலர்.
கடையைத் தாண்டி வேலி. வேலியைத் தாண்டி நெடுஞ்சாலை.
அங்கே பஸ் நிற்கும் என்று தெரியும்.
எத்தனை மணிக்கு என்று தெரியாது.
முதுகுக்குப் பின்னால்
எனக்காக யாரோ யாரையோ
கொன்றுகொண்டிருந்தார்கள்.