பதினோரு விநாடி

ரஷீத் பாய் மருந்துக்கடைக் கேமராவுக்குக்
கடிகாரம் ஏழு நிமிடம் வேகம்.
ஊருக்கு முந்தி விடிந்தும்
முன்கூட்டி அதற்கொன்றும் தெரியாது.

திரையின் மூலையில் 04:19.
கழித்தால் நாலு பன்னிரண்டு.
மிஷன் வீதியிலிருந்து வருகிறான் தனிஸ்லாஸ்,
என் தம்பி.
கைமடிப்பு ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது.
புஸ்ஸி வீதி முனையில் நிற்கிறான்.

மேற்கே போனால் பஸ் ஸ்டாண்டு,
நாலரைக்குக் கடலூர் வண்டி,
மஞ்சக்குப்பத்தில் நான்.
தட்டியிருந்தால் திறந்திருப்பேன்.
திறந்ததும் கடனைப் பற்றிக் கேட்டிருப்பேன்,
அதுவும் உண்மை.
கிழக்கே வாய்க்கால்,
அப்புறம் கடல்.

பதினோரு விநாடி நிற்கிறான்.
ஒரு நாய் வந்து செருப்பை முகர்கிறது
(அந்தச் செருப்பைத்தான் பாறைமேல் ஜோடியாகக் கண்டார்கள்).
காதைச் சொறிகிறான்,
யோசிக்கும்போது சின்னதிலிருந்தே அப்படித்தான்.
மேற்கே ஓர் எட்டு வைக்கிறான்.
வைத்த காலை எடுத்துக்கொள்கிறான்.

நிறுத்தி மறுபடி போடச் சொன்னேன்.
மறுபடியும்.
"எத்தனை தடவ பாத்தாலும் அதேதாம்மா"
என்றார் ஏட்டு, டீயை ஆற்றிக்கொண்டே.
தெரியும்.
நாய் வாலைத் தூக்குமுன் தெரியும்,
அவன் எப்போது இமைப்பான் என்பதும்.
தெரிந்திருப்பதால்
அந்தக் காலை நானா திருப்பினேன்?

ஞாயிறு மறைக்கல்வியில்
ஒரே மூச்சில் ஒப்பிப்போம்:
நடந்ததும் நடப்பதும் நடக்கப்போவதும்
சர்வேசுரன் அறிவாரோ? அறிவார்.
மனுஷனுக்குச் சுயாதீனம் தந்தாரோ? தந்தார்.
இரண்டு பதிலுக்கும் நடுவே
சிஸ்டர் மூச்சு விட்டதில்லை.
தனிஸ்லாஸ் கையைத் தூக்கினான்.
"நாளைக்கு நான் பொய் சொல்லுவேன்னு
அவருக்கு இன்னிக்கே தெரியும்னா,
சொல்லாம இருக்க என்னால ஆவுமா சிஸ்டர்?"
முட்டி போடச் சொன்னார்.
போட்டவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்,
போடாமலும் இருந்திருப்பேன் என்பதுபோல.

எல்லாம் அவர் சித்தம் என்றார் பங்குச் சாமியார்
என் தலையில் கைவைத்து.
இல்லை சாமி.
அந்தப் பதினோரு விநாடி அவனுடையது.
வீட்டுப் பத்திரம், வண்டி,
பெண்டாட்டியின் கம்மல்வரை அடகில் இருந்தவனிடம்
அடகு வைக்காத பொருள்
அது ஒன்றுதான் மிச்சம்.
அதையும் எடுத்து
மேலே ஒருவர் கணக்கில் எழுதாதீர்கள்.

எனக்கு விளங்காதது வேறு.
நான் அவன் போனபின் பார்க்கிறவள்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
டேய் என்றால் திரை திரும்பாது.
அவர் போகுமுன்னும் பார்த்தவர்.
ஒரு டேய் சொல்லியிருக்கலாம்.
ஆனால்
தாம் கூப்பிடப்போவதில்லை என்பதும்
அவருக்கு ஆதியிலேயே தெரியுமே.
தெரிந்ததை மாற்றினால்
தெரிந்தது பொய்.
பொய் அவருக்கு ஆகாது.
தம்பிக்காவது ஒரு வீதி முனை கிடைத்தது,
ஒரு காலை வைத்துப் பார்க்க,
எடுத்துக்கொள்ள.
அவருக்கு நிற்க எந்த முனை?

கோபமாகத்தான் இதை நினைக்க ஆரம்பித்தேன்.
நினைத்து முடிக்கையில்
அவருக்காகக் கொஞ்சம் பாவமாக இருந்தது.
பிறகு மறுபடி கோபம்.

சும்மா எழுந்து வர மனமில்லாமல்
பாயிடம் தலைவலி மாத்திரை வாங்கினேன்.
காசு வேண்டாம் என்றார்.
கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.
தலைக்கு மேலே சிவப்புப் புள்ளி.
அதே முனை.
கிழக்கிலிருந்து உப்புக் காற்று,
மேற்கே கடலூர் வண்டிக்கு நேரம் இருந்தது.
கை தானாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன்.
காதைச் சொறிந்துகொண்டேன்.