பருவம் தப்பிய கணக்கு

நவம்பர் முதல் ஞாயிறு.
எபிடாரஸில் அன்றைக்கு நுழைவுச்சீட்டு இலவசம்,
அதனால்தான் போனேன்.
பக்தியில்லை, பழமை மோகமும் இல்லை.

கல்வரிசைகளில் நானும் ஒரு பூனையும்.
நடுவட்டத்தில் நாணயம் போட்டால்
கடைசி வரிசைவரை கேட்குமாம்.
நாணயம் போட மனசு வரவில்லை.
கைதட்டினேன்.
பூனை திரும்பிப் பார்த்தது.

அருங்காட்சியகத்தில் ஒரு பலகைக்கல்,
எறும்புச் சாரியாய் எழுத்து.
ஸ்தோத்திரமா என்று கேட்டேன்.
காவலுக்கு இருந்த பாண்டெலியா
சூரியகாந்தி விதை கொறித்தபடி சிரித்தாள்:
"கோயில் கட்டின செலவுக் கணக்கு.
சைப்ரஸ் மரம் கொண்டுவந்தவனுக்கு இவ்வளவு,
கல் இழுத்தவனுக்கு இவ்வளவு."
பைக்குள் என் நோட்டு கனத்தது:
பஸ், ரொட்டி, ஆலிவ் நூறு கிராம்,
கழிப்பறை ஐம்பது சென்ட்.

பிரேயஸிலிருந்து இரவுக் கப்பல்,
ஆகக் குறைந்த விலை மேல்தளம்.
லாரி ஓட்டுநர்கள் பெஞ்சு முழுக்கக் கால் நீட்டிவிட,
உயிர்காப்புச் சட்டைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்
என்ஜின் சூடு கசியும் ஓர் இடம் கண்டுபிடித்தேன்.
எந்த வழிகாட்டியும் அதைச் சொல்வதில்லை.
நானும் சொல்லப்போவதில்லை.

தீவின் பெயரையும்தான்.
எவந்தியாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அமைதி தேடித்தான் போனது.
கடற்கரையில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன,
அத்தனை கடலும் எனக்கே,
இறங்கினால் பல் கிட்டியது.
மேலே ஊரில் அமைதி எங்கே இருந்தது?
திறந்திருந்த ஒரே காபிக்கடையில்
முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்,
தண்ணீர் மோட்டார் யாரால் எரிந்தது என்று.
கெராசிமோஸ் மேசையைக் குத்தினார்.
பாதிரியார் இரு தரப்புக்கும் ராக்கி ஊற்றினார்.
"கோடையில் சண்டைக்கு நேரமில்லை" என்றாள் எவந்தியா.
"நாலு மாசம் உங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்
தாடை வலிக்கிறது.
இப்போதுதான் முகத்தைக் கழற்றி வைத்திருக்கிறோம்."

சரிவில் ஒரு கோயில் இருந்ததாம்,
எந்தக் கடவுளுக்கு என்பதில் இரண்டு அபிப்பிராயம்.
மிஞ்சியது நான்கு கற்கள்.
ஐந்தாவது, லெஃப்டெரிஸின் ஆட்டுப்பட்டிக்கு நிலைக்கல்.
புழுக்கையை ஒதுக்கிவிட்டுத் தடவினேன்,
தேய்ந்த எழுத்து விரலில் இடறியது.
படிக்கத் தெரியுமா என்றேன்.
"தெரியாது. கதவு நன்றாகச் சாத்துகிறது."

வியாழன் இரவு காற்று எட்டு பொஃபோர்ட்.
கப்பலுக்குத் தடை.
கையில் முப்பத்தொன்பது யூரோ,
அதில் இருபத்தெட்டு திரும்பும் சீட்டுக்கு.
விடிய விடியக் கூட்டிக் கழித்தேன்.
ஜன்னலை அறைந்த கடல்
ஒவ்வொரு முறையும் வேறு விடை சொன்னது.

காலையில் எவந்தியா வாடகையைப் பற்றிப் பேசவில்லை.
சுண்ணாம்பு வாளியையும் தூரிகையையும் நீட்டினாள்.
மூன்று நாள், காற்றுப் படாத பின்சுவர்.
மதியம் கொண்டைக்கடலை சூப்,
எலுமிச்சை பிழிந்த விரலிடுக்கெல்லாம் எரிச்சல்.
மோட்டார் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி கிடைத்தது.
பாஷை புரியாமலே
கெராசிமோஸ் சொல்வது தப்பென்று தலையாட்டினேன்.
கைதட்டினார்கள்.

திங்கள் காலை துறையில் கப்பல் வாய் பிளந்தது.
எவ்வளவு தர வேண்டும் என்றேன்.
அவள் சுவரைப் பார்த்தாள்.
"அந்த மூலையை விட்டுவிட்டாய்."
உண்மைதான்.
உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சாம்பல் நிறம்.
கூலியில் பிடித்துக்கொள்கிறாளா,
திரும்பி வரச் சொல்கிறாளா,
கேட்பதற்குள் சங்கு ஊதிவிட்டது.

மேல்தளத்தில், என் சூடான இடத்தில் படுத்து,
நோட்டை விரித்தேன்.
அந்த மூன்று நாளை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா?
பேனா நகத்துச் சுண்ணாம்பைத்தான் கிளறிக்கொண்டிருந்தது.
தீவு ஒரு கல்லளவு சிறுத்த பிறகு
எழுதினேன்:

மூலை. பாக்கி.