செதிலைத் துடைத்துவிட்டு

காசிமேட்டில் ஏலம் முடித்து
பதினொரு மணிக்கு வருவார் பிரகாசியம்மா.
வலது முழங்கை, வெளிப்பக்கம்.
இருபத்திரண்டு வருடம் வஞ்சிரம் வெட்டிய கை.

முதலில் செதில்.
எவ்வளவு கழுவினாலும் ஒன்றாவது
முன்கையில் ஒட்டி மின்னும்.
ஸ்பிரிட் பஞ்சால் எடுத்துவிடுவேன்.
மின்னுவது எதுவும் கதிரைத் திருப்பியடிக்கும்.
சுவர்க் கண்ணாடிக்குத் துண்டு,
வளையலுக்கு என் மேசை டிராயர்,
அவருக்கொரு பச்சைக் கண்ணாடி, எனக்கொன்று.

“சினிமாவுக்கா போறோம்?”

முனையைத் தோலில் பதித்து அழுத்துகிறேன்.
ஒரு பீப்.
வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் உறுமுகின்றன.
உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை.

“சூடே காணோமே. கரண்டு கீதா?”

கீது.
சுடாமல் இருப்பதுதான் இதன் வேலை.
சிவப்புக்கும் அப்பால் போன, கண்ணுக்குச் சிக்காத ஒளி
தோல் கடந்து தசைநாரின் செல்லுக்குள்
மைட்டோகாண்ட்ரியா வரை போகும்.
அங்கே நைட்ரிக் ஆக்சைடு,
துறைமுக கேட்டில் பழுதாகி நின்ற லாரி மாதிரி
ஆக்சிஜனை வழிமறித்துக் கிடக்கும்.
ஒளி அதை நகர்த்தும். செல் மறுபடி சம்பாதிக்கும்.
அப்படித்தான் என்று நினைக்கிறோம்;
முழுக்கதை எங்களுக்கும் தெரியாது.

“அப்போ இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்து வையி. காசு தர்றேன்.”

கருவாட்டுக்கு உப்பு போடுகிறவருக்கு
நான் என்ன சொல்ல?
குறைஞ்சா புழு, கூடுனா கசப்பு என்று
அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.
ஒரு புள்ளிக்கு நாற்பது நொடி. ஆறு புள்ளி.
அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரம்
தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன் என்றார்.
ஒளியாலா, நான் விடாமல் செய்யவைத்த
ரப்பர் பட்டைப் பயிற்சியாலா,
சத்தியமாகத் தெரியாது.

அன்றைக்கே சேலையை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினார்.
“இங்க ஒரு உருண்ட கீது. வலியே இல்ல.
இதுக்கும் ரெண்டு பாயிண்ட் வையேன்.”

தொட்டேன். கெட்டியாக இருந்தது.
நகரவில்லை.
மெஷினை அணைத்தேன்.

எந்தச் செல் என்று கேட்காமல்
சோறு போட்டுவிடக்கூடியது இது.

“வெறும் லைட்டுதானே, இன்னா ஆயிடும்?”

சுடாத ஒளியை நம்பவைக்க
ஐந்து வாரம் பிடித்தது.
இப்போது நம்பிவிட்டார்.

ஸ்டான்லிக்குச் சீட்டு எழுதி
டிராயரிலிருந்து வளையல்களை எடுத்துக் கொடுத்தேன்.
மாட்டிக்கொள்ளும்போது முழங்கையை மடக்கிக் காட்டினார்,
பார், வலிக்கவே இல்லை என்று.

“நாளைக்கி ஏலம் கீதும்மா.”

எட்டு மணிக்கு
புறநோயாளிகள் வாசலில் நிற்பேன் என்றேன்.