பின்விளிம்பு

சஜாவில் எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல்,
அதிலும் ஏசி உட்கார்ந்திருக்கிறது.
வெள்ளிக்கிழமை, துவைத்த துணி காயும் வரை
மூன்று பேர் நோட்டை மாற்றிக்கொள்வோம்.

பகலெல்லாம் பெட்டி அடுக்குகிறவன் நான்.
வாசனைத் தைலம், பதினெட்டு கிலோ, இந்தப் பக்கம் மேலே.
கண்ணை மூடினாலும் பெட்டிதான்.
பென்சிலை எடுத்தால் மட்டும்
நான் போட்டதில் ஒன்றுகூட
லாரியில் ஏறாது.

மரியசூசை டக்ட் வெட்டுகிறவர்.
தகரத்தில் அரை மில்லி பிசகினால்
கூரைக்குள் காற்று விசிலடிக்கும் என்பார்.
என் நோட்டை வாங்கி,
முகம் சுளிக்காமல், சிரிக்காமலும்,
சிவப்புப் பேனாவால்
ஒவ்வொரு விளிம்பையும் நீட்டினார்.
"ஒரே பக்கம் ஓடுற நாலு கோடும்
தூரத்துல ஒரு புள்ளியில சேரணும்.
உன்னுது, பாகம் பிரிச்ச பங்காளிங்க மாதிரி
ஆளுக்கொரு திசை போகுது."
கோடு தாளைத் தாண்டியது.
விரிப்பில் ஸ்கேலை வைத்துத் தொடர்ந்தார்.
தலையணை வரை போயும் சேரவில்லை.
"நீ பார்க்கிற பக்கம் சரியாத்தான் இருக்கு.
பார்க்காத பின்விளிம்புலதான் அவசரப்படுறே."

எனக்குக் காது சுட்டது.
ஆறு வருஷமாக என்னிடம் தப்புச் சொன்ன எல்லாரும்
ஒரு தொகையோடுதான் சொன்னார்கள்.
உடைந்த பாட்டிலுக்கு முப்பது திர்ஹம்.
ஏழு நிமிஷத் தாமதத்துக்கு அரை நாள்.
இவர் சொன்ன தப்புக்குப் பிடித்தம் இல்லை.
அதை எங்கே வைத்துக்கொள்வதென்றே
தெரியவில்லை.

பிறகு என் முறை.
டேக் பகதூர், கேட் காவல், இரவு ஷிஃப்ட்.
நோட்டு முழுக்க நீள்வட்டம்,
இரண்டு கோட்டுக்கு நடுவே நெருக்கியடித்து,
கேம்ப் பஸ்ஸில் தூங்கும் தலைகளாக.
பாதி, கோட்டைத் தொடவில்லை.
மீதி, முனை கூராகி மாங்கொட்டை.
எல்லாம் கண்ணில் பட்டது.
நான் எழுதியது: அச்சா ஹை.

படித்தான். தாளைத் திருப்பி
பின்னால் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.
பென்சிலை என்னிடமே நீட்டினான்.
"சூப்பர்வைசரும் அச்சா சொல்வான்,
என்னைப் பார்க்காமல், டைம்ஷீட்டைப் பார்த்து.
கலத் கிதர்? அதைச் சொல்லு பாய்."
தூங்க வேண்டிய மூன்று மணி நேரத்தை
அந்த வட்டங்களுக்குத் தந்திருந்தான்.

மறுபடி குனிந்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக.
மூன்றாம் வரிசை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது,
நடுவில் ஒரு வட்டம் இடப்பக்கம் சாய,
அதற்குப் பிறகு எல்லாம் சுருங்கியிருந்தன.
"இங்கே என்ன ஆச்சு?"
யோசித்தான். "சிமென்ட் லாரி. நாலு மணி.
தடுப்பைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்."
"வந்த பிறகு மணிக்கட்டால் போட்டிருக்கிறாய்.
தடுப்பைத் தூக்கிய தோள் இருக்கிறதே,
அதிலிருந்து போடு."

காற்றில் ஒருமுறை கையை ஓட்டிப் பார்த்தான்.
இரண்டு அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே
அவ்வளவு பெரிய வட்டத்துக்கு இடமில்லை.
முழங்கை கம்பியில் இடித்தது.
அதற்காகச் சிரிக்கவில்லை,
வேறு எதற்கோ சிரித்தான்.

மரியசூசை நோட்டை மூன்று வாரமாக
விரிப்புக்கு அடியில் வைத்திருந்தார்.
இன்றைக்குத்தான் எடுத்தார்.
ஒரே கோட்டின் மேல் எட்டுத் தடவை கோடு போடும் பயிற்சி.
தகரத்தில் தவறாத கை,
தாளில், முனைக்கு வரும்போது
துடைப்பமாக விரிந்திருந்தது.
"ம், சொல்லுங்க" என்றார், சுவரைப் பார்த்தபடி.

வெளியே சட்டைகள் எப்போதோ காய்ந்து
சிமென்ட் தூசி வாங்கிக்கொண்டிருந்தன.